ஒருமுறை தேடுங்கள், எப்போதும் கையில் இருக்கும்

கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. சுங்க முகவர் இன்வொய்ஸும் பெக்கிங் லிஸ்ட்டும் கேட்கிறார். அவை மின்னஞ்சலில் வந்தது நிச்சயம். எந்தப் போல்டரில் கிடக்கின்றன என்பதுதான் கடையில் எவருக்கும் தெரியாது. தேடும் நாளெல்லாம் டிமரேஜ் ஏறும். புறக்கோட்டையில் இறக்குமதி செய்யும் பலருக்கு இது புதிய கதையல்ல.

தவணைக் கடனை எழுதி வைத்துக்கொள்ளுமாறு ஸூறதுல் பகராவின் 282ஆவது வசனம் வழிகாட்டுகிறது. எழுதியதை வேண்டிய நேரத்தில் எடுத்துக் காட்ட முடியாவிட்டால் அதன் பயனில் பாதி போய்விடும்.

மொஸில்லா நிறுவனத்தின் தண்டர்பேர்ட் இலவசமாகக் கிடைக்கும் மின்னஞ்சல் மென்பொருள். அதன் முதலாம் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தபோதே 'சேவ்ட் சேர்ச்' என்ற வசதியும் அதில் இருந்தது. தேடலைச் சேமித்து வைப்பது என்று இதற்குப் பொருள். பார்வைக்கு இது இன்னொரு போல்டர் போலவே இருக்கும். ஆனால் கடிதங்கள் இதற்குள் இடம்மாறி வருவதில்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் கொடுத்த நிபந்தனைக்குப் பொருந்துபவை மட்டும் இங்கே ஒன்றாகத் தெரியும். நாளை வரும் கடிதமும் பொருந்தினால் தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அமைக்கும் முறை இதுதான். மேலே மெனு தெரியாவிட்டால் விசைப்பலகையில் 'அல்ட்' விசையை அழுத்துங்கள். 'ஃபைல்', 'நியூ', 'சேவ்ட் சேர்ச்' என்று வரிசையாகச் செல்லுங்கள். திறக்கும் பெட்டியில் விநியோகஸ்தரின் பெயரைக் கொடுங்கள். பின்பு 'சூஸ்' பொத்தானை அழுத்தி எந்தெந்தப் போல்டர்களில் தேட வேண்டும் என்று அடையாளமிடுங்கள். பலர் 'இன்பொக்ஸ்' ஒன்றை மட்டும் தெரிவுசெய்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 'சென்ட்' போல்டரையும் கட்டாயம் சேருங்கள். விலையில் தகராறு வரும்போது அவர் எழுதியதைவிட நீங்கள் எழுதியதுதான் பெரும்பாலும் தேவைப்படும்.

அடுத்தது நிபந்தனை. இங்கே 'ஃப்ரொம்' என்று மட்டும் வைத்தால் நீங்கள் அனுப்பிய பதில்கள் வராது. 'ஃப்ரொம், டு, சிசி ஓர் பிசிசி' என்பதைத் தெரிவுசெய்து, 'கன்டெய்ன்ஸ்' என்பதற்கு எதிரே அந்த நிறுவனத்தின் முகவரியில் @ குறியையும் அதற்குப் பின்னால் வரும் பகுதியையும் எழுதுங்கள். அங்கே விற்பனைப் பிரிவிலிருந்து எழுதினாலும் கணக்குப் பிரிவிலிருந்து எழுதினாலும் அகப்படும். அவர் ஜிமெயில் போன்ற பொது முகவரி வைத்திருந்தால் முழு முகவரியையும் கொடுக்க வேண்டும். முகவரிகள் மூன்று இருந்தால் மூன்று வரிகள் எழுதி 'மெச் எனி' என்பதை அழுத்துங்கள். வழமையாக 'மெச் ஓல்' என்றுதான் இருக்கும். அப்படியே விட்டால் மூன்று முகவரிகளும் ஒரே கடிதத்தில் இருந்தால்தான் காட்டும். போல்டர் வெறுமையாக இருப்பதைப் பார்த்து மென்பொருளைத் திட்டுவதில் பயனில்லை.

இணைப்புள்ள கடிதங்கள் மட்டும் வேண்டுமென்றால் 'அட்டாச்மன்ட் ஸ்டேட்டஸ்' நிபந்தனை உண்டு. ஆனால் பிடிஎஃப் கோப்புக்குள் இருக்கும் இன்வொய்ஸ் இலக்கத்தை இது தேடாது. ஆகவே கடிதத் தலைப்பிலேயே இலக்கத்தை எழுதி அனுப்பும்படி விநியோகஸ்தரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் இன்னுமொரு பயனும் உண்டு. விநியோகஸ்தர் பெயரில், ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரியிலிருந்து, "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று கடிதம் அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. அத்தகைய கடிதம் இன்பொக்ஸில் தெரியும். சரியான முகவரியைக் கொண்டு நீங்கள் அமைத்த தேடலில் தெரியாது. அந்த வித்தியாசம் கண்ணில் பட்டால் உடனே நிறுத்துங்கள். ஆனால் தேடலில் தெரிகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம். விநியோகஸ்தரின் மின்னஞ்சலுக்குள்ளேயே திருடர் புகுந்திருந்தால் கடிதம் சரியான முகவரியிலிருந்தே வரும். கணக்கு இலக்கம் மாறினால், ஏற்கெனவே உங்களிடமுள்ள தொலைபேசி இலக்கத்தில் பேசிய பின்பே பணம் அனுப்ப வேண்டும்.

கடையில் கணினியில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு விடயத்தைச் சொல்லி வையுங்கள். சேமித்த தேடலையே அழித்தால் கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குள் தெரியும் கடிதத்தை அழித்தால் அசல் கடிதமே அழிந்துவிடும். இந்தத் தேடல்கள் அமைத்த கணினியில்தான் இருக்கும்; வேறு கணினியில் அதே மின்னஞ்சலைத் திறந்தால் மீண்டும் அமைக்க வேண்டும். முகவரி சேர்க்கவோ நீக்கவோ தேவைப்பட்டால் போல்டரின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ரொப்பர்டீஸ்' என்பதைத் திறந்தால் போதும்.