எளாவூரில் இறங்கி ஏரிக்குப் போகிறவர்களுக்கு

பழவேற்காடு ஏரி என்றதும் சென்னைக்காரர்கள் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஊருக்குத்தான் வண்டியை விடுகிறார்கள். டச்சுக் கல்லறை, கலங்கரை விளக்கம், ஒரு தட்டு இறால் வறுவல், இருட்டுவதற்குள் வீடு. அந்தச் சுற்றில் ஏரி கண்ணில் படும், பிடிபடாது. நான் சூலூர்பேட்டை போகிற ரயிலில் ஏறி எளாவூரில் இறங்குகிற கட்சி. அங்கிருந்து கிழக்கே சுண்ணாம்புகுளம் பக்கம் போனால் ஏரியின் மேற்குக் கரை. வலை உலர்த்தும் திடல், கிளிஞ்சல் சிதறிய சேறு, தமிழும் தெலுங்கும் கலந்து கட்டிய பேச்சு. சுற்றுலாப் பயணிக்கென்று எதுவும் கிடையாது; குடிதண்ணீரும் சில்லறையும் கையில் இருக்க வேண்டும்.

பூநாரை பார்க்க விடியற்காலையில் ஓடாதீர்கள். மேற்குக் கரையில் நின்றால் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் நமக்கு முதுகுப்பக்கம் வந்துவிடும். அப்போதுதான் இறக்கையின் அந்த ரோஜா நிறம் எடுபடும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு அவை இரை வடிகட்டுவதைத் தொலைநோக்கியில் நிதானமாகப் பார்க்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கூழைக்கடா கூடு கட்டுவதைப் பார்க்க ஆசையென்றால் இன்னும் வடக்கே, ஆந்திரத்தின் நேலப்பட்டு வரை போக வேண்டும்.

சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இது. ஆனால் பல இடங்களில் முழங்கால் ஆழம், இடுப்பளவு ஆழம், அவ்வளவுதான். பரப்பைப் பார்த்து ஆழத்தைக் கணக்குப் போட முடியாது. ஒருமுறை படகுக்கார அண்ணன் ஒருவரிடம் எதிரே தெரிந்த திட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். "தண்ணி வத்துற நேரம் சார், போனா தரை தட்டிடும். அப்புறம் நீங்களும் எறங்கித் தள்ளணும்" என்றார். கரைக்காரர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரிக்குத் தடை வந்தது. யாராவது ரகசியமாக ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

இங்கே மீன்பிடியை வேடிக்கை பார்க்க ஒரு பொறுமை வேண்டும். எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்பதைப் பாடு முறையில் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள் மீனவர்கள். ஆகவே ஆளில்லாத தண்ணீர் என்று நாம் நினைக்கிற இடமும் ஒருவருடைய பங்கு. குறுக்கே இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. இருளர் பெண்கள் வலையே இல்லாமல் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால். பேச்சுக் கொடுத்தால் எப்படிப் பதில் சொல்வார்கள்? கரையேறும் வரை காத்திருங்கள். "எப்படிக்கா இருக்கு இன்னைக்கு?" என்று கேட்டால் முகத்துவாரத்தில் போய் நிற்கும் பேச்சு. கடலும் ஏரியும் சேரும் அந்த வாய் மணல் மூடினால் உப்புத் தண்ணீரோடு இறால் குஞ்சும் உள்ளே வராது. ஏரியின் வரவு செலவு முழுக்க அந்த ஒரு வாயில் இருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடலுக்குப் போக மீனவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, மீன் குறைவு. ஆனால் கரையில் நின்றே ராக்கெட் ஏறுவதைப் பார்த்துவிடலாம்!

பழவேற்காடு ஊரை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இன்று மிஞ்சியது புதரும் மேடும். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களிடம் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். துணி வியாபாரம் என்று வழிகாட்டிப் பலகைகள் பெருமையாகச் சொல்லும். இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சிற்பங்கள் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

நேரமிருப்பவர்கள் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஊத்துக்கோட்டைப் பக்கம் அத்திரம்பாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். டச்சுக்காரனின் நானூறு வருடம் அதற்கு முன்னால் நேற்று மாதிரி. ஆனால் நேராக அங்கே போய் இறங்கினால் முள்ளும் ஓடைப் பள்ளமும்தான் தெரியும். முதலில் பூண்டி அருங்காட்சியகத்தில் கருவிகளைப் பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட்டின் சேகரிப்பும் இருக்கிறது. ஒரு கைக்கோடரியின் இரு பக்கமும் செதுக்கிய தழும்பு கண்ணில் பதிந்த பிறகு போனால், ஓடைக்கரையில் கிடக்கும் கல்லில் எது தானாக உடைந்தது, எதை மனிதக் கை உடைத்தது என்று ஓரளவு பிடிபடும். பிடிபட்டதைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். தொல்பொருளை எடுத்துப்போவது குற்றம்.