அன்றாடத் தேநீருக்கு ஏற்ற கெட்டில் எது?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

அறிவியல் என்றதும் நம்மிற் பலருக்கு ஆய்வுக்கூடமும், அங்குள்ள கண்ணாடிக் குடுவைகளும், தேர்வுக்கு முன் நாம் அவசரமாக எழுதி முடிக்கும் ஆய்வுப் பதிவேடுமே நினைவுக்கு வரும். வீட்டு அடுப்பங்கரையில் நாள்தோறும் நடைபெறும் அறிவியலை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எனக்கும் அந்த எண்ணம் தானாக வரவில்லை. ஒரு கெட்டிலின் கைப்பிடி கழன்ற பிறகுதான் வந்தது.

எங்கள் வீடு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்தில் உள்ளது. தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. தாயார் காலையிலும் மாலையிலும் திவான் பகதூர் சாலைப் பக்கமுள்ள கடைகளுக்குத் தேநீர் கொண்டு சென்று விற்பவர். கெட்டிலிலேயே தண்ணீர் கொதிக்கும்; அதிலேயே தேயிலைத் தூளும் தட்டிய இஞ்சியும் விழும்; தனியே காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்ந்ததும், கெட்டில் அப்படியே கடைகளுக்குப் புறப்படும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கு வழி செய்ததில் பாதிப் பங்கு அந்தக் கெட்டிலுக்கு உண்டு.

மூக்கு வைத்த பாத்திரத்துக்குக் கெண்டி என்பது நம் பழைய பெயர். ஆயினும் கடைவீதியில் கெட்டில் என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இதுவரை மூன்று கெட்டில்கள் இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு பாடம்.

முதற் பாடம்: பித்தளை

முதலாவது, பாட்டி வைத்திருந்த பித்தளைக் கெட்டில். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்த உலோகக் கலவை. தாமிரம் சேர்ந்த பாத்திரத்தில் புளிப்பான பொருள் தங்கினால் களிம்பு ஏறும். சைவ சித்தாந்த நூலோர் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பையே உவமை காட்டினர் என்றால், இது எவ்வளவு பழைய அனுபவம் என்பது விளங்கும். களிம்பைத் தடுப்பதற்காகவே உட்புறம் ஈயம் பூசும் வழக்கம் வந்தது. நவச்சாரம் தூவி, சூடேறிய பாத்திரத்தில் ஈயத்தை உருக்கிப் பஞ்சால் தேய்த்துப் பூசுவார்கள்.

இங்கே ஒரு சொல்லில் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு உலோகங்களைக் குறிக்கும். ஒன்று வெள்ளீயம், பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் இதனால்தான். மற்றொன்று காரீயம், இது நஞ்சு. உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் தங்கும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

பாட்டியின் கெட்டிலில் மூக்கு சேரும் இடத்தில் ஒழுகியது. தெருவோடு வந்த ஒருவரிடம் பற்றவைத்து வாங்கினோம். அவர் பயன்படுத்தியது வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் வைத்திருக்கும் பற்றாசு. காரீயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்றாசு ஏறத்தாழ 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். தனியே எடுத்தால் வெள்ளீயம் உருக 232 பாகையும், காரீயம் உருக 327 பாகையும் வேண்டும். கலவை இரண்டையும்விடக் குறைந்த சூட்டில் உருகுவது வேதியியல் மாணவர் அறிந்ததே. அந்தக் கெட்டிலில் எத்தனையோ மாதம் தேநீர் குடித்த பிறகே, வகுப்பில் இது பற்றிக் கேட்டபோது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று மாலையே அதைப் பரண்மேல் ஏற்றினோம்.

பித்தளையும் செம்பும் கெட்ட உலோகங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நல்ல வெள்ளீயம் பூச ஆள் கிடைக்கும் ஊரில் அவை தலைமுறை தாண்டி உழைக்கும். ஆள் கிடைக்காவிட்டால் அவை அன்றாடப் பயனுக்கு ஆகா.

இரண்டாம் பாடம்: அலுமினியம்

இரண்டாவதாக வாங்கியது அலுமினியக் கெட்டில். விலை குறைவு, எடையும் குறைவு. தாமிரத்தின் அடர்த்தி ஏறத்தாழ 8.9, அலுமினியத்தின் அடர்த்தி 2.7தான். கையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பவருக்கு இது சிறிய செய்தியன்று.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானே படியும் மெல்லிய ஆக்சைடு படலம். மிகுந்த புளிப்பும் மிகுந்த காரமும் அப்படலத்தைக் கரைத்துவிடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வீடுகளில் வழக்கம். புளியில் அமிலம் உண்டு. சாம்பலிலும் சலவைச் சோடாவிலும் காரம் உண்டு. எனவே பாத்திரம் மின்ன மின்ன அதன் தகடு மெலிகிறது என்று கொள்ளலாம். உட்புறம் கருத்துப் போவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அந்தக் கறுப்பினால் தீங்கில்லை.

எங்கள் கெட்டிலுக்கு வந்த கேடு வேறு. அதன் கைப்பிடியை இரும்புக் கடாவி, அதாவது ரிவெட், கொண்டு பொருத்தியிருந்தார்கள். துத்தநாகத் தகட்டையும் செப்புத் தகட்டையும் அமிலத்தில் வைத்தால் மின்கலம் உண்டாவதை நாம் பள்ளியிலேயே படித்தோம். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தாலும் அதுவே நடக்கும். அந்தச் சிறு மின்கலத்தில் கரைவது அலுமினியம். கடாவியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூப்பதைத் தாயார் பலமுறை துடைத்திருக்கிறார். அது அரிமானத்தின் அடையாளம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

ஒரு நாள் காலை, நிறை கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கும்போது கைப்பிடி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டது. கொதித்த தேநீர் தாயாரின் இடது பாதத்தில் கொட்டியது. பத்து நாட்கள் வியாபாரம் இல்லை. அந்தப் பத்து நாட்களில்தான் மூன்றாவது கெட்டிலை அறிவோடு வாங்க வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

எது விரைவில் கொதிக்கும்?

கடைக்காரர்கள் முதலில் சொல்வது, "இது சீக்கிரம் கொதிக்கும்" என்பதே. புத்தகத்தைப் பார்த்தால் அது சரியென்றே தோன்றும். வெப்பக் கடத்துதிறன் தாமிரத்துக்கு ஏறத்தாழ 400, அலுமினியத்துக்கு 235, எவர்சில்வருக்கு 15 (மீட்டருக்கு, கெல்வினுக்கு வாட் என்ற அலகில்). அப்படியானால் தாமிரக் கெட்டில் இருபத்தைந்து மடங்கு விரைவாகக் கொதிக்குமா?

கொதிக்காது. தீச்சுடரிலிருந்து வெப்பம் நீருக்குப் போகும் வழியில் பெரிய தடை உலோகத் தகடு அன்று. சுடருக்கும் தகட்டுக்கும் இடையே ஒட்டியிருக்கும் வாயுப் படலமே பெரிய தடை. ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டின் தடை, அந்த வாயுப் படலத்தின் தடையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே உலோகத்தை மாற்றுவதால் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது.

பாத்திரம் தானே உறிஞ்சும் வெப்பத்தையும் கணக்கிட்டேன். இரண்டு லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 630 கிலோஜூல் வேண்டும். 800 கிராம் எடையுள்ள கெட்டில் அதே அளவு சூடேற, எவர்சில்வராயின் 30, அலுமினியமாயின் 54, தாமிரமாயின் 23 கிலோஜூல் போதும். எதுவும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. எரிவாயுவை மிச்சப்படுத்த விரும்புவோர் உலோகத்தைவிட அடிப்பாகத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். குறுகிய அடி கொண்ட கெட்டிலில் சுடர் பக்கவாட்டில் ஏறி வீணாகிறது, கைப்பிடியையும் சுடுகிறது.

எவர்சில்வரும் எனாமலும்

எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சு. அழகானது, புளிப்புக்கும் அஞ்சாது. கீழே ஒருமுறை விழுந்தால் பூச்சு சிதறும். சிதறிய இடத்தில் துரு ஏறும். நாள்தோறும் கடைப்படிகளில் இடிபடும் கெட்டிலுக்கு அது ஒத்துவராது.

எவர்சில்வரில் வெள்ளி சிறிதும் இல்லை. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்களுக்கு ஏற்ற எஃகைத் தேடும்போது 1913இல் உருவாக்கிய துருவேறா எஃகே இது. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிறது. கீறினாலும் அப்படலம் மறுபடி உண்டாகும். பாத்திரத்துக்கு உயர்ந்த வகை 304 எனப்படுவது. அதில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 போன்ற வகைகள் விலை மலிவு; துருவை எதிர்க்கும் ஆற்றலும் சற்றுக் குறைவு.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று பலர் நம்புகிறார்கள். இது அரைகுறை உண்மை. காந்தம் நன்றாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத வகை என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒட்டாத காரணத்தால் அது 304 என்று சொல்ல முடியாது; 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. பாத்திரத்தில் பொறித்துள்ள வகை எண்ணையும் இரசீதையும் பார்ப்பதே வழி. மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்போருக்கு மட்டும் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் தேவை.

தண்ணீரும் தகடும்

கோவை மக்கள் சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பெருமையாகப் பேசுவார்கள். மலைநீராகிய அது மென்னீர். காய்ச்சினாலும் படிவு மிகக் குறைவு. குழாயில் நீர் வராத நாட்களில் நாங்கள் ஆழ்குழாய் நீரை நாடுகிறோம். அந்த வன்னீரைக் காய்ச்சும்போது, அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாக அடியில் வெண்மையாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டர் படிவு, ஏழெட்டு மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகட்டுக்கு ஒப்பான தடையாகும். எவர்சில்வர் கெட்டிலில் எலுமிச்சைச் சாறு கலந்த நீரை ஊற்றிச் சூடாக்கி, அரைமணி நேரம் விட்டுக் கழுவினால் படிவு கரையும். அலுமினியக் கெட்டிலில் இதைச் செய்யலாகாது. காரணம் மேலே கூறினேன்.

காகிதக் கிண்ணத்தில் நீரூற்றிச் சுடரில் காட்டினால் காகிதம் எரிவதில்லை. நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கெட்டிலுக்கும் அதுவே காப்பு. நீர் வற்றிய பின் அடுப்பில் விட்டால் பற்றாசு உருகும். வெள்ளீயப் பூச்சு வழியும். 660 பாகையில் அலுமினியமே உருகிவிடும். எவர்சில்வர் உருகாது, கருநீலம் பாய்ந்து அடி நெளியக்கூடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. கைப்பிடி: நிறை கெட்டிலின் எடையைத் தாங்குவது கைப்பிடியின் இணைப்பு. கடாவி உடலோடு ஒத்த உலோகமாக இருக்க வேண்டும். அசைத்துப் பார்த்தால் சிறிதும் ஆடக்கூடாது.

2. மூக்கு: அதன் நுனி, கெட்டிலின் வாய் விளிம்புக்குச் சமமாகவோ உயர்ந்தோ இருக்க வேண்டும். இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்குமாதலால், நுனி தாழ்ந்தால் கெட்டிலை முழுதும் நிரப்ப இயலாது.

3. மூடி: ஆவி போக ஒரு துளை வேண்டும். இல்லையேல் உள்ளே கூடும் ஆவி கொதிநீரை மூக்கு வழியே தள்ளும்.

4. வாய்: கை உள்ளே நுழைய வேண்டும். கழுவ முடியாத மூலையில்தான் படிவும் அரிமானமும் தொடங்குகின்றன.

5. பற்றவைப்பு: மூக்கு சேருமிடத்தை உட்புறம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேடுபள்ளமின்றி இருப்பதே நன்று.

6. ஒழுக்கு: நீர் நிரப்பிச் செய்தித்தாளின்மேல் கால்மணி நேரம் வைத்தால் ஒழுக்கு தெரிந்துவிடும்.

முடிவுரை

2024 ஆகஸ்டு 9ஆம் நாள் கோவையில் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படி எனக்குக் கிடைத்த மாதம் 1000 ரூபாயில் மிச்சம் பிடித்து, தாயாரையும் அழைத்துக்கொண்டு பெரிய கடைவீதிப் பக்கம் சென்றேன். மேற்சொன்ன ஆறையும் ஒவ்வொரு கெட்டிலிலும் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையிழந்து, "ஏனுங் தம்பி, கெட்டிலு வாங்க வந்தீங்ளா, பரிச்சை வெக்க வந்தீங்ளா?" என்று கேட்டார். நான்காவது கெட்டில் தேறியது. அடி அகன்ற எவர்சில்வர். கைப்பிடி இருபுறமும் உடலோடு பற்றவைக்கப்பட்டது.

வரும் வழியில் தாயார் கேட்டார்: "ஏங்கண்ணு, இதெல்லாங் காலேசுல சொல்லிக் குடுத்தாங்களா?"

"கெட்டில்னு சொல்லிக் குடுக்கலீங்கம்மா. சொல்லிக் குடுத்தத வெச்சு நாமதாம் பாத்துக்கோணும்."

அவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "போன தடவையே பாத்திருக்கலாமில்ல" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. மின்கலத்தைப் பற்றிய வினாவுக்கு நான் முழு மதிப்பெண் பெற்றவன். அதே மின்கலம் ஓராண்டுக்கு மேலாக எங்கள் அடுப்பின்மேல் இருந்தது.

கெட்டில் தேய்ந்து கெடுவது அரிது, இணைப்பில்தான் கெடுகிறது. உலோகத்தின் பளபளப்பைப் பார்ப்பவர் ஏமாறலாம். இணைப்பைப் பார்ப்பவர் ஏமாறுவது குறைவு. நாம் படிக்கும் படிப்புக்கும் நம் வீட்டாரின் உழைப்புக்கும் இடையேயும் ஓர் இணைப்பு வேண்டும். நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டில் நாள்தோறும் கையாளப்படும் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து, நீங்கள் படித்த பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். கைப்பிடி கழலும் வரை காத்திருக்க வேண்டாம்.