ரெட்டியார்பாளையத்துச் சவுக்காரம்

வீட்டில் சவுக்காரம் செய்வதைப் பொழுதுபோக்காக மேற்கொள்ள விரும்புகிறவர்கள் முதற்காரியமாக ஒரு புஸ்தகத்தைத் தேடுகிறார்கள். அந்தப் புஸ்தகமோ பெரும்பாலும், ஆலிவ் எண்ணெய் தாராளமாகப் புழங்குவதும், அச்சில் ஊற்றிய கலவையைக் கம்பளியால் போர்த்திக் காக்க வேண்டியதுமான ஒரு குளிர்தேசத்தில் இருந்துகொண்டு எழுதப்பட்டதாக அமைகிறது. புதுச்சேரியில், வில்லியனூர்ச் சாலைக்கு அருகில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பல வருஷங்களாக இதே காரியத்தில் ஈடுபட்டிருக்கும் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் என்னவென்றால், ரஸாயனம் எத்தேசத்துக்கும் ஒன்றே ஆனாலும், எண்ணெயும் நீரும் வெயிலும் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், முறையையும் தன் ஊருக்கேற்பத் திருத்திக்கொள்ளாதவனுக்கு நல்ல சோப்பு அமைவது துர்லபம் என்பதே.

இதை முதலில் உணர்ந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்தாம் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். பதினான்காம் லூயி மன்னனுடைய ஆட்சியில், 1688-ஆம் ஆண்டு, மார்செய் நகரத்துச் சோப்புத் தொழிலை ஒழுங்குபடுத்த ஓர் ஆணை பிறந்தது. ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு எதையும் சேர்க்கலாகாது என்றும், ஜூன் முதல் ஆகஸ்டு வரை, உஷ்ணத்தால் சரக்கின் தரம் கெடுமாதலால், கொப்பரைகளின் அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்றும் அது விதித்தது. அதே மன்னனுடைய காலத்தில்தான், 1674-இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்ஸுவா மர்த்தேன் புதுச்சேரியில் வந்து நிலைகொண்டார். ஆனால் ஆலிவ் எண்ணெய் விதி நிரந்தரமாக நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்செய் கொப்பரைகள் மலிவான வித்துக்களைத் தேடத் தொடங்கியபோது, தென்னார்க்காட்டுப் புன்செய்களில் விளைந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எங்கள் துறைமுகத்திலிருந்து கப்பலேறியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்தப் பயணமும் குறுகிற்று. எங்கள் மண்ணின் எண்ணெய் பிரான்சுக்குப் போய்ச் சோப்பாக மாறிய சரித்திரம் இப்படியிருக்க, நாம் மட்டும் புட்டியில் அடைத்த ஆலிவ் எண்ணெய்க்குக் கை நிறையப் பணம் கொடுப்பானேன்? எண்ணெயைப் பற்றிய மன்னனுடைய விதியை நான் மீறுகிறேன்; கோடையைப் பற்றிய விதியை மட்டும் இன்றளவும் கடைப்பிடிக்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் வீட்டில் சோப்புப் பாத்திரம் பரண் மேல் இருக்கும்.

எண்ணெய் என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் பிணைந்த பொருள் என்பதையும், காரம் அந்தப் பிணைப்பை அறுத்து அமிலங்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதே சோப்பு என்பதையும் தெளிவாக எடுத்துரைத்தவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு ரஸாயன நிபுணர். அவருடைய ஆராய்ச்சி நூல் 1823-இல் வெளிவந்தது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் அனுபவ லாபம் இரண்டு. ஒன்று, பெரிய ஆலைகள் உப்பு நீரால் பிரித்தெடுத்து வேறு தொழில்களுக்கு அனுப்பிவிடும் கிளிசரின், வீட்டுச் சோப்பில் அப்படியே தங்கித் தோலுக்கு இதமளிக்கிறது. மற்றொன்று, ஒவ்வோர் எண்ணெய்க்கும் இவ்வளவு காரம் என்ற கணக்கு மாறாதது. கைப்பிடியும் கரண்டியும் இங்கே உதவமாட்டா. ஒரு கிராம் வித்தியாசம் காட்டும் மின்னணுத் தராசை வாங்காதவர்கள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடாமலிருப்பதே க்ஷேமம்.

நான் வழக்கமாகச் சேர்க்கும் விகிதத்தைச் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் 500 கிராம், மல்லாட்டை எண்ணெய் 350 கிராம், விளக்கெண்ணெய் 150 கிராம். தேங்காய் எண்ணெயை முழுமையாகச் சோப்பாக்கக் கிராமுக்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடாவும், மல்லாட்டைக்கு 0.136 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராமும் வேண்டும். கூட்டினால் ஏறக்குறைய 158 கிராம் வரும். அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து 150 கிராம் எடுத்துக்கொண்டால், சிறிதளவு எண்ணெய் மாறாமல் எஞ்சி நின்று தோலைக் காக்கும். நீர் 330 கிராம். தேங்காய் எண்ணெய் கடினத்தையும் உடனடி நுரையையும் தருகிறது, ஆனால் தனியாக நின்றால் தோலை வறட்டுகிறது. மல்லாட்டை மிருதுவைத் தருகிறது, ஆனால் அதிகமானால் சோப்பு நெகிழ்ந்துபோவதோடு, சில மாதங்களில் ஆரஞ்சுநிறப் புள்ளிகள் தோன்றிக் காறல் வாடையும் எழுகிறது. விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்கிறது, அளவு மீறினால் பிசுபிசுக்கிறது. செக்கெண்ணெய்தான் உத்தமம் என்று பலர் வாதிப்பார்கள்; சமையலுக்கு அது சரி, காரத்தில் போட்டு உருமாற்றப் போகும் எண்ணெய்க்கு அவ்வளவு விலை கொடுப்பதை நான் வீண் ஆடம்பரம் என்றே கருதுகிறேன்.

காரத்தைக் கரைக்கும் கட்டத்தில்தான் ஜாக்கிரதை அவசியம். நீரில் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டுமேயன்றி, காரத்தின் மேல் நீரை ஊற்றவே கூடாது. ஊற்றினால் உஷ்ணம் ஓரிடத்தில் திரண்டு கலவை மேலே சீறும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்புமாகையால் எவர்சில்வர் பாத்திரமே தகும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல் ஆகிய நான்கும் இல்லாமல் காரப் பொட்டலத்தைப் பிரிக்கலாகாது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமே உகந்தது. தோலில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், குழாயைத் திறந்து நெடுநேரம் நீரில் கழுவுவதுதான் சிகிச்சை. கண்ணில் தெறித்தாலோ, கழுவிய கையோடு வைத்தியரிடம் போக வேண்டும்.

புஸ்தகங்கள் எண்ணெயைச் சூடாக்கச் சொல்கின்றன. தேங்காய் எண்ணெய் உறைவது சுமார் 24 டிகிரியில்; இங்கே மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை தவிர மற்ற நாட்களில் அது தானாகவே உருகித்தான் நிற்கிறது. ஆகவே அடுப்பு வேண்டாம். மாறாக, கரைத்த காரநீர் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறுவதால், அதை ஆறவிடுவதே நமக்குள்ள வேலை. வெப்பம் மிகுந்த நாளில் நீரின் ஒரு பாதியை ஐஸ் கட்டியாக நிறுத்து எடுத்துக்கொள்வது நல்ல உபாயம். இரண்டையும் சேர்த்துக் கைப்பிடி பிளெண்டரால் விட்டுவிட்டு அடித்தால், சில நிமிஷங்களில் மோர்க்குழம்புப் பதம் வரும்; மேலே சொட்டவிட்ட கோடு மறையாமல் நின்றால் அச்சில் ஊற்றலாம். போர்வை போர்த்த வேண்டியதில்லை. போர்த்தினால் நடுவில் உஷ்ணம் மிகுந்து, வெடிப்புக் கண்டு, சில சமயம் பொங்கியும் வழியும்.

வர்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதல்லவா, அதே மாற்றம் சோப்பிலும் நிகழ்வதால், மஞ்சள்பொடி போட்டு மஞ்சள் சோப்பை எதிர்பார்க்கிறவர்கள் முதல்நாள் செம்மையையும் பிறகு மங்கிய பழுப்பையுமே காண்பார்கள். செம்பருத்தியும் வேப்பிலையும் இப்படியே நிறம் மாறும். சந்தையில் காணும் பளபளக்கும் பச்சை மூலிகைச் சோப்பின் பச்சையைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை.

மறுநாள் வெட்டிய கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட முறத்தில் அடுக்கி வைக்க வேண்டும். நீர் வற்ற வற்றக் கட்டி இறுகி, தேய்மானமும் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கட்டிகளின் மேல் முத்துமுத்தாக நீர் துளிர்ப்பதைக் கண்டு கெட்டுப்போயிற்றென்று எறிந்தவர்களை நான் அறிவேன். கெடவில்லை, கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவே. துணியால் ஒற்றி மின்விசிறியின் கீழ் வைத்தால் போதும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு கூடி, வாளியின் விளிம்பில் சாம்பல்நிறப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. இதற்குப் பரிகாரம், கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை, காரம் போடுவதற்கு முன்பே சோப்புக்கு எடுத்த நீரில் கரைத்துவிட்டு, அது விழுங்கிவிடும் காரத்துக்கு ஈடாக 6 கிராம் காஸ்டிக் சோடாவைக் கூடுதலாகச் சேர்ப்பது. படலம் முற்றிலும் ஒழியாது, வெகுவாகக் குறையும்.

திரவ சோப்புக்குக் காஸ்டிக் சோடா பயன்படாது. காஸ்டிக் பொட்டாஷ் வேண்டும். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுத்தமான பொட்டாஷ் சுமார் 128 கிராம். கடைச்சரக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சுத்தமுள்ளதாக இருந்தால் 143 ஆகும், அதில் மூன்று சதவீதம் கழித்து 138 எடுக்கிறேன். எண்ணெய் அதிகம் எஞ்சினால் திரவம் கலங்கிவிடும் என்பதால்தான் இங்கே கழிவு குறைவு. மும்மடங்கு நீரில் கரைத்து எண்ணெயோடு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மணிக்கணக்கில் கிளற, கண்ணாடிபோல் தெளிந்த களி திரளும். ஒரு துளியை வெந்நீரில் கரைத்துப் பார்த்துத் தெளிவாக நின்றால் இறக்கலாம். பிறகு சம எடை வெந்நீரில் ஊறவைத்து, வேண்டிய அளவு நீர்க்கச் செய்யலாம். கடைத் திரவம்போல் கெட்டியாக இராது; நுரைக்கும் புட்டியில் ஊற்றிக்கொண்டால் அந்தக் குறை தெரியாது.

“ஒரு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விட்டா பாத்திரம் இன்னும் பளிச்சுனு வருமே, ஐயா?” என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்கள். புளிப்பு பட்டால் சோப்பு மீண்டும் கொழுப்பமிலமாக முறிந்து, திரவம் பாலாய்த் திரிந்துவிடும்; உண்மையான சோப்பின் பி.எச். அளவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் இருந்தே தீரும். எலுமிச்சை மணத்தோடு விற்கும் பாத்திரத் திரவங்களும், சுயதொழில் வகுப்புகளில் ஆசிட் சிலரியைக் கொண்டு கலக்கப்படும் ‘சோப் ஆயிலும்’ செயற்கைச் சலவைப் பொருள்கள். உபயோகமானவைதான், ஆயினும் வேறு ஜாதி. அவற்றின் குறிப்புகளை இதில் பிரயோகிக்கக் கூடாது.

நாலு பேருக்குக் கொடுக்கத் தொடங்கினால், விற்றால் என்ன என்ற கேள்வி தானே வரும். விற்பனைக்காகக் குளியல் சோப்புச் செய்ய, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படியும் 2020-ஆம் ஆண்டின் விதிகளின்படியும் உற்பத்தி உரிமம் தேவை. அந்தச் சிரமம் எனக்கு வேண்டாமென்று விட்டுவிட்டேன். செய்த தேதியையும் எண்ணெய் விகிதத்தையும் ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கட்டியோடு சுற்றி, கேட்கிறவர்களுக்கு இனாமாகவே கொடுத்துவருகிறேன்.