வேட்பாளரின் சுபாவத்தை அளக்க முடியுமா?

ஆட்சிப் பொறுப்புக்கு வர விரும்புபவரின் கொள்கையை மட்டும் பார்த்தால் போதுமா, அவருடைய சுபாவத்தையும் பார்க்க வேண்டுமா? பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அணுகுண்டை ஏவ ஆணையிடும் அதிகாரம் உடையவர் முன்கோபியா, நிதானம் உள்ளவரா என்பது அவருடைய சொந்த விவகாரம் அன்று. ஆனால் அதை எப்படி அளப்பது? இயற்பியல் பயிலும் எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப்படுகிறது.

1964-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் பேரி கோல்டுவாட்டர். கியூபா ஏவுகணை நெருக்கடி தீர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அணு ஆயுதங்களைப் பற்றி அவர் துடுக்காகப் பேசியவை மக்களுக்கு அச்சமூட்டின. அச்சம் நியாயமானதே. அதை 'ஃபேக்ட்' என்னும் இதழ் பயன்படுத்திக்கொண்ட முறைதான் நியாயமற்றது.

இவர் அதிபராவதற்கு மனத்தளவில் தகுதி உடையவரா என்று அவ்விதழ் 12,356 மனநல மருத்துவர்களைக் கடிதம் மூலம் கேட்டது. 2,417 பேர் பதில் எழுதினர். தகுதி இல்லை என்றவர்கள் 1,189 பேர். உண்டு என்றவர்கள் 657 பேர். இதழோ 1,189 என்ற எண்ணை மட்டும் அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. பதிலே எழுதாத 9,939 பேர் என்ன ஆனார்கள்? பத்து அளவீடுகளில் எட்டை விட்டுவிட்டு முடிவு எழுதினால் எங்கள் விரிவுரையாளர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடுவாரா? அதைவிடப் பெரிய குறை, நேரில் பரிசோதிக்காமலே தீர்ப்புக் கேட்டது. வெப்பமானியை நீரில் வைக்காமலே நீரின் வெப்பநிலையைக் குறிப்பதற்கு ஒப்பானது இது. மீதி 571 பேர், கருத்துச் சொல்லுமளவுக்கு அவரைத் தெரியாது என்று எழுதினர். எனக்குப் பிடித்தவர்கள் இந்த 571 பேர்தாம்!

கோல்டுவாட்டர் தோற்றார். பின்னர் அவர் தொடுத்த வழக்கில் 1968-இல் இதழுக்கு எதிராக 75,000 டாலர் தண்டத்தொகை விதிக்கப்பட்டது. தாம் பரிசோதிக்காத பொதுமனிதரின் மனநிலை பற்றி மருத்துவர்கள் தொழில்முறைக் கருத்துக் கூறலாகாது என அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதி வகுத்தது. வென்ற ஜான்சனோ, போரைப் பெருக்கமாட்டார் என்று பலரும் நம்பியவர். 1968-இல் வியட்நாமில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தனர்.

என் தந்தையார் பள்ளிக்கூடம் போனதில்லை. மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார். ஆனால் ஏரில் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் விலை பேசமாட்டார். வேட்பாளர் விஷயத்திலும் இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை.

ஆபிரகாம் லிங்கனைச் சுழி பார்த்திருந்தால் கழித்திருப்பார்கள். 1841-இல் அவர் மனச்சோர்வில் ஆழ்ந்து கிடந்தார். உயிரை மாய்த்துக்கொள்வாரோ என்று நண்பர்கள் அஞ்சினர். பாரம் ஏற்றியபோது நடந்ததோ வேறு. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போரில் வென்ற தளபதி மீட், தோற்றோடிய லீயின் படையைத் தப்பவிட்டார். லிங்கனுக்குக் கடுங்கோபம். மீடைக் கடிந்து நீண்ட கடிதம் எழுதினார். எழுதியதை அனுப்பவில்லை, அனுப்பப்படவில்லை, கையொப்பமிடப்படவில்லை என்று உறைமேல் குறித்து வைத்துவிட்டார். மீட் போர் முடியும்வரை அப்படைக்குத் தலைவராகவே இருந்தார். 1864-இல் லிங்கனுக்கு மீண்டும் வாக்களித்த மக்கள் அக்கடிதத்தைக் கண்டதில்லை. மூன்றாண்டுப் போரில் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கண்டிருந்தார்கள்.