ஏலத்தோட்ட வேலையை விட்டு நல்ல சம்பளத்துக்குப் போக: முழுமையான வழிகாட்டி

உடும்பஞ்சோலை வட்டத்தில் தோட்ட வேலையை விடுகிற பலர் சொல்லாமல்தான் போகிறார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவையில் மில், கொச்சியில் கட்டட வேலை என்று சொந்தக்காரர் யாராவது போனில் கூப்பிடுகிறார். சம்பளம் வாங்கிய மறுநாளே குடும்பம் போடிமெட்டு வழியாக இறங்கிவிடுகிறது. தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பேர் வெட்டப்படுகிறது. பத்துப் பன்னிரண்டு வருட உழைப்பில் சேர்ந்த காசு தோட்டத்திலேயே தங்கிவிடுகிறது.

போவது தப்பில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள்கூலி 232 ரூபாய். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330 என்று கூலி முடிவானது. இவ்வளவு போராடிப் பெற்ற கூலியும் கேரளத்தின் மற்ற வேலைகளுக்குப் பக்கத்தில் வரவில்லை. அதனால் நல்ல இடம் கிடைத்தால் போகத்தான் வேண்டும். ஆனால் சேரவேண்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில்: செக்ரோலில் நீங்கள் யார்?

தோட்டத்தில் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள்: லயத்தில் தங்கி வேலை பார்க்கும் நிரந்தரத் தொழிலாளி, பல வருடம் வேலை பார்த்தும் தற்காலிகம் என்றே எழுதப்படுகிறவர், தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் வந்து மாலையில் திரும்புகிறவர். உங்கள் உரிமைகள் எந்தப் பதிவேட்டில் பேர் இருக்கிறது என்பதையும், வருடத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்பதையும் பொறுத்தவை. மேஸ்திரி உங்களை என்னவென்று அழைக்கிறார் என்பது கணக்கில் வராது. தற்காலிகம் என்று எழுதியிருப்பதாலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலையில் சேர்ந்த தேதி, செக்ரோல் எண், சம்பளச் சீட்டு, போனஸ் ரசீது, எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருக்கும்போது இவை எளிதாகக் கிடைக்கும். வெளியே போன பிறகு எழுத்தர் கண்டுகொள்ள மாட்டார்.

இரண்டாவது: இரண்டு கூலிகளையும் முழுசாகக் கணக்குப் போடுங்கள்

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. தோட்டத்தில் நாளுக்கு 500 ரூபாய், மாதம் 25 நாள் என்றால் 12,500. பி.எஃப். பிடித்தம் 1,500 போக 11,000 கையில் வரும். வீட்டு வாடகை கிடையாது. திருப்பூரில் நாளுக்கு 650 தருகிறார்கள். 26 நாளுக்கு 16,900. பி.எஃப். 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் சேர்த்து ஏறக்குறைய 2,155 பிடிப்பார்கள். லைன் வீட்டுக்கு வாடகை 5,000 என்று வைத்தால் மிச்சம் 9,745. கூலி ஏறியிருக்கிறது, கையில் வருவது இறங்கியிருக்கிறது. ஆனால் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் அதே சம்பளத்துக்குப் போனால் கணக்கு மாறுகிறது. வாடகை ஒன்றுதான், சம்பளம் இரண்டு. தோட்டத்தின் 22,000க்கு எதிராக அங்கே 24,490 மிஞ்சும். ஒருவர் மட்டும் போவதா, குடும்பமாகப் போவதா என்பதை வைத்துத்தான் லாப நஷ்டம்.

650 ரூபாய் என்பது எட்டு மணி நேரத்துக்கா, பன்னிரண்டு மணி நேரத்துக்கா என்று கேளுங்கள். ஒன்றரை ஷிப்ட் கூலியை ஒரு நாள் கூலியாகச் சொல்வது சாதாரணம். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் பிடித்தம் குறைகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். நோய் வந்தால் முழுச் செலவும் உங்கள் தலையில்.

தமிழ்நாட்டுக்கு இறங்குவதற்கு முன் கேரளத்திலேயே பாருங்கள் என்பது என் யோசனை. ரிசர்வ் வங்கி 2022-23க்கு வெளியிட்ட கணக்கில், கேரளக் கிராமப்புறத்தில் ஆண் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 852 ரூபாய். இந்தியச் சராசரி 393தான். அடிமாலியும் தொடுபுழாவும் திருப்பூரைவிடப் பக்கம். பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திட்டமும் மாறாது.

மூன்றாவது: பேர்த் திருத்தம்

செக்ரோலில் பேச்சி, ஆதாரில் பேச்சியம்மாள், பி.எஃப். கணக்கில் மலையாள உச்சரிப்பில் எழுதிய வேறொரு பேர். தோட்டத் தொழிலாளியின் பி.எஃப். பணம் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. பிறந்த தேதி, தகப்பன் பேர், கணவன் பேர் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. திருத்துவதற்கு முதலாளி தரப்பின் ஒப்புதல் தேவைப்படலாம். நீங்கள் தினமும் மஸ்டர் ஆபீசுக்குப் போகிற காலத்தில் அந்தக் கையெழுத்தை வாங்குவது சுலபம். திருப்பூரிலிருந்து லீவு போட்டு, நெடுங்கண்டம் வந்து, அங்கிருந்து ஜீப் பிடித்து எஸ்டேட்டுக்குப் போய் வாங்குவது பெரும்பாடு.

உங்கள் பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை எழுதிவைத்து, அதில் இப்போது நீங்கள் பயன்படுத்தும் போன் நம்பர் இருக்கிறதா என்று அக்ஷயா மையத்தில் பாருங்கள். புது வேலையில் அதே எண்ணைக் கொடுத்துப் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பணத்தை எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும். இங்கே எட்டு வருடம், அங்கே இரண்டு வருடம் என்று சேர்ந்தாலும் பத்துதான். ஓய்வூதியத்துக்குச் சேர்ந்த பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த எட்டு வருடமும் கணக்கில் இருக்காது.

நான்காவது: கிராஜுவிட்டி

கணக்கு எளியது. முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. கடைசியாக வாங்கிய நாள்கூலி 500, சேவை 12 வருடம் என்றால் 500 × 15 × 12 = 90,000 ரூபாய். கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதுவும் ஒரு வருடம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் கணக்கு இதேதான். தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது என்று சொல்வது பொய்.

பொதுவாக ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் ஆனால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் ஐந்து வருடம் முடிய இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், புது இடத்தில் பேசித் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வழக்கு நடத்துவதைவிடக் காத்திருப்பது மேல்.

ஐந்தாவது: எந்த மாதம் விடுவது?

ஓணத்துக்கு முன் போனஸ் கொடுப்பார்கள். குறைந்தது 8.33 சதவீதம். கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்தவருக்கே போனஸ் உரிமை உண்டு, இடையில் விட்டவருக்கும் பார்த்த நாளுக்கு உண்டு. ஆனால் போன பிறகு கேட்டு வாங்குவது கஷ்டம் என்பதால், முடிந்தால் போனஸ் வாங்கிய பிறகு கடிதம் கொடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் ஏப்ரல், மே மாதம்தான் சரி.

ஆறாவது: கடிதமும் கையெழுத்தும்

வாயால் சொன்னால் போதாது. தமிழில் நான்கு வரி எழுதுங்கள்: “இந்தச் செக்ரோல் எண்ணில், இந்தத் தேதி முதல் வேலை பார்த்து வருகிறேன். வரும் இந்தத் தேதியோடு வேலையிலிருந்து விலகுகிறேன். எனக்குச் சேரவேண்டிய சம்பளம், விடுப்புச் சம்பளம், போனஸ், கிராஜுவிட்டி ஆகியவற்றைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.” இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகைச் சீட்டோடு அனுப்புங்கள். புது இடத்தில் வேலையும் சம்பளமும் எழுத்தில் வரும்வரை இந்தக் கடிதம் பையிலேயே இருக்கட்டும்.

மலையாளத்தில் அச்சடித்த தாளில் கையெழுத்தோ ரேகையோ வைக்கச் சொன்னால், வாசித்துச் சொல்ல ஓர் ஆளைக் கூட்டிவரும்வரை வைக்காதீர்கள். எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்கள் பாவம், சார் சொன்னார் என்று ரேகை வைத்துவிடுகிறார்கள். வாங்கிய தொகையை எண்ணால் எழுதி, அதன் கீழே மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

ஏழாவது: முன்பணம், வீடு

“அட்வான்ஸ் வாங்கியிருக்கே, எப்படிப் போவே?” என்று கேட்பார்கள். வாங்கிய முன்பணத்துக்குக் கணக்கு உண்டு, அதைத் தீர்க்கலாம். அதைக் காட்டி ஆளைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆதாரையோ ரேஷன் கார்டையோ பிடித்துவைத்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம்.

லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் இன்னொருவர் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால், வீட்டை அவர் பேருக்கு மாற்ற முன்கூட்டியே மனுக் கொடுங்கள். காலி செய்வதானால் சாவி கொடுத்த தேதியை எழுதி வாங்குங்கள்.

எட்டாவது: பணம் வராவிட்டால்

புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவருக்குப் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள் கெடு, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. கெடு தாண்டினால் தோட்ட ஆய்வாளரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ மனுக் கொடுங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. சம்பளச் சீட்டு, விலகல் கடிதம், ஒப்புகைச் சீட்டு மூன்றின் நகலையும் இணையுங்கள். விசாரணை நாளில் நேரில் வர முடியாத தூரத்தில் இருப்பீர்கள் என்றால், யூனியன் ஆள் உங்களுக்காக ஆஜராக அதிகாரியிடம் அனுமதி கேட்டு, அதற்கான அங்கீகாரக் கடிதத்தையும் மனுவோடு கொடுத்துவிடுங்கள்.