குறிப்பேட்டுக்கு எத்தனை பக்கம்?

வணிகவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். வரவு செலவு நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் ஏறும். பிறகு பேரேட்டில் அந்தந்தக் கணக்கின்கீழ் பதியப்படும். பேரேடு எழுதும்போது பாதியில் எழுந்து போக நேர்ந்தாலும், குறிப்பேட்டைப் பார்த்துத் தொடரலாம்.

கணிப்பொறியின் வட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. லினக்ஸில் 2001-இல் வந்த எக்ஸ்ட்3, 2008-இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 ஆகிய கோப்பு முறைகள், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் 'ஜர்னல்' என்னும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றன. இடையில் மின்சாரம் போனால், மறுபடி இயக்கும்போது அந்தக் குறிப்பேட்டை மட்டும் படித்து விட்ட வேலையை முடித்துவிடும். இதற்கு முந்தைய எக்ஸ்ட்2-இல் வட்டு முழுவதையும் சோதிக்க வேண்டும். பெரிய வட்டானால் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் குறிப்பேடு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சங்க நூலகக் கணிப்பொறியை அமைத்தபோது, இடம் மிச்சமாகட்டும் என்று மிகக்குறைந்த அளவான 4 மெகாபைட்டையே கொடுத்தேன். பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளாகச் சேமிக்கத் தொடங்கியதும் கணிப்பொறி திக்கித் திணறியது. காரணம் எளிது. ஒரு தவணையில் எழுதுவது குறிப்பேட்டின் கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது அப்போதைய வரம்பு. எனக்குக் கிடைத்தது 1 மெகாபைட். குறிப்பேடு நிரம்ப நிரம்ப, அதிலுள்ளதை உரிய இடத்தில் பதித்துப் பக்கத்தைக் காலி செய்த பிறகே அடுத்த வேலை நடக்கும்.

அளவைச் சொல்லாமல் விட்டால் எக்ஸ்ட்4 தானே கணக்கிட்டுக்கொள்ளும். இப்போதைய பதிப்புகளில் 20 கிகாபைட் பகுதிக்கு 128 மெகாபைட், 128 கிகாபைட்டும் அதற்கு மேலும் இருந்தால் 1024 மெகாபைட். 500 கிகாபைட் வட்டில் இது ஐந்நூறில் ஒரு பங்குதான். இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

வீட்டு உபயோகத்துக்கு இந்த அளவே போதும். பலர் ஒரே சமயத்தில் சிறு கோப்புகளை எழுதி அழிக்கும் அலுவலகக் கணிப்பொறிக்கும், கோப்பின் உள்ளடக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதும் முறைக்கும் பெரிய அளவு உதவும். அளவு கூடினால் மின்தடைக்குப் பின் படித்து முடிக்கச் சற்று நேரம் கூடும், அவ்வளவே.

மாற்ற விரும்பினால், முதலில் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணிப்பொறியை இயக்கி, வட்டு பயன்பாட்டில் இல்லாத நிலையில், 'டியூன்2எஃப்எஸ்' கருவியால் பழைய குறிப்பேட்டை நீக்கிப் புதிய அளவில் உண்டாக்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். வழக்கமான முறையில் குறிப்பேட்டில் ஏறுவது கோப்பின் பெயர், அளவு, இருக்கும் இடம் போன்ற விவரங்களே. நாம் தட்டச்சு செய்த எழுத்து அல்ல. உறுப்பினர் முகவரிகளை ஒரு மணி நேரம் தட்டச்சு செய்து, சேமிக்காமல் விட்டு, மின்தடையில் இழந்தவன் நான். வட்டு நலமாக எழுந்தது, முகவரிகள் வரவில்லை. எவ்வளவு பெரிய குறிப்பேடும் அவற்றைத் தந்திராது. அடிக்கடி சேமிப்பதும், வேறொரு வட்டில் நகல் வைப்பதும் நம் பொறுப்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய புகைப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.