ஓசையற்ற பகை

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் பாதை அதன்மீது ஏறுகிறது. மாணவர்களே! மலைக்கும் சமவெளிக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அதுவே உயர் இரத்த அழுத்தம்.

இதயம் செலுத்தும் குருதி, நாளங்களின் சுவரை அழுத்துகிறது. வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேலளவு 140 அல்லது கீழளவு 90 என நிற்பின் அது நோயாகும். பெரும்பாலும் அது வலி காட்டாது; ஆயினும் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுக்கும். ஆதலின் அளந்தே அறிதல் வேண்டும். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் அடங்குதல் வேண்டும்.

நலமாயிருக்கிறோம் என்று எண்ணியும், தொலைவிற்கு அஞ்சியும் மருந்தை விடுவோர் உளர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் மருந்தை இல்லத்திற்கே கொணர்ந்தது. வாயிலுக்கு வந்த மருந்தை நாள்தோறும் தவறாது உண்ணுதல் நோயுற்றோர் கடன். அதனை நினைவூட்டுதல் உங்கள் கடன்.